மோசின் ரைஃபிளிலிருந்து பழைய கிரீஸை நீக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சோவியத் கிடங்கிலிருந்து வந்த மோசின்-நாகன்ட் 91/30 ரைஃபிளை முதன்முதலாகப் பெட்டியிலிருந்து எடுப்பவர், அதைக் கீழே வைப்பதற்குள் தம் விரல்களுக்கு இடையில் தேன் நிறப் பிசுக்கு நூலாக இழைவதைக் காண்பார். மரக்கட்டையிலும் குழலிலும், தோட்டா அமரும் அறையை மூடித் திறக்கும் போல்டிலும், திருகுத் தலைகளிலும் அது அப்பியிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழுதுபார்த்து, கெட்டிக் கிரீஸ் பூசி, மரப்பெட்டிகளில் அடுக்கிய இந்த ரைஃபிள்கள் பல பத்தாண்டுகள் கிடங்குகளில் தூங்கின. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அமெரிக்காவிலும் கனடாவிலும் உபரிச் சரக்காகப் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. இந்தக் கட்டுரை அவ்விரு நாடுகளில் இதைச் சட்டப்படி வைத்திருப்போரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் இராணுவ வகை ரைஃபிள்கள் பொதுமக்கள் கைக்குப் பொதுவாக எட்டாதவை.

இந்த வேலையில் ரைஃபிள்களுக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி, எழுபது ஆண்டுகள் பூசிக் கிடந்த கிரீஸால் வருவதில்லை; அதை ஒரே மாலையில் நீக்கிவிடத் துடிக்கும் உரிமையாளரின் அவசரத்தால் வருகிறது. மணல்தாளால் தேய்த்துக் கட்டையின் கிடங்கு முத்திரைகளை அழித்தவர்கள், கொதிநீரில் கட்டையை முக்கி அரக்குப் பூச்சை வெளுக்கச் செய்தவர்கள், மூடிய அறையில் பெட்ரோலால் கழுவியவர்கள் என்று பலரைப் பார்க்கலாம். கட்டையை வெயிலில் வைக்கும் நாட்கள் நீங்கலாக, இரண்டு முழு நாட்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

கிரீஸின் இயல்பு

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்தப் பிசுக்கு எதுவானாலும் அதைக் காஸ்மோலின் என்றே சொல்லிவிடுவார்கள். அது உண்மையில் ஓர் அமெரிக்க வணிகப் பெயர். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹவுட்டன் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்கத் தொடங்கிய பெட்ரோலியப் பொருள் அது. சோவியத் படையினர் பூசியது வேறொரு கலவை. அதை அவர்கள் ‘பீரங்கிக் கொழுப்பு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். இரண்டும் வாஸ்லினுக்கு நெருங்கிய உறவு. தடித்த பெட்ரோலிய எண்ணெயும் மெழுகும் சேர்ந்தவை. ஈரமும் காற்றும் உலோகத்தைத் தொடாமல் தடுப்பதே இரண்டின் வேலை, அதை இரண்டும் மிக நன்றாகச் செய்திருக்கின்றன. பெட்டியைத் திறக்கும்போது கறுப்புப் பூச்சு அப்படியே பளபளப்பதற்குக் காரணம் இந்த அழுக்குப் பிசுக்குதான்.

காஸ்மோலின் ஏறத்தாழ 45 முதல் 52 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். சோவியத் கலவைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் சூடு, 60 டிகிரியை ஒட்டி, தேவைப்படும். ஆண்டுகள் செல்லச் செல்ல எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சுவது மெழுகுபோல் இறுகிவிடும். குழலின் உட்புறத்திலும், தோட்டா அமரும் அறைக்குள்ளும் அது அரக்கைப்போல ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். ஆகவே இந்த வேலைக்கு முதல் கருவி சூடு. இரண்டாவது கருவி துணி. கரைப்பான் அவற்றுக்குப் பிறகுதான் வரும். கெட்டியாக இருக்கும்போது எவ்வளவு கரைப்பான் ஊற்றினாலும் மேற்பரப்பு மட்டுமே கரையும், உள்ளே போகாது. சூடாக்கி இளக்கி வழித்தெடுத்துவிட்டு, கடைசியாக எஞ்சும் மெல்லிய படலத்துக்குத்தான் மண்ணெண்ணெயோ மினரல் ஸ்பிரிட்டோ (பெயிண்டை இளக்கப் பயன்படும் பெட்ரோலியக் கரைப்பான்) தேவைப்படும்.

சூட்டையும் எரியும் கரைப்பானையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது எந்த விலக்கும் இல்லாத விதி. மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட் இரண்டின் ஆவியும் 40 டிகிரி அளவிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் பற்றும். அதை இந்த வேலைக்கு எந்த நிலையிலும் எடுக்க வேண்டாம். வண்டி பிரேக் கழுவும் தெளிப்பான்களில் குளோரின் கலந்தவை உண்டு. அவை சூடான உலோகத்தில் பட்டால் நச்சு வாயு உண்டாகலாம். அரக்குப் பூச்சையும் நொடியில் கரைத்துவிடும். எனவே அவையும் வேண்டாம்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி, கண் காப்புக் கண்ணாடி, இரண்டு மூன்று கிலோ பழைய பருத்தித் துணி, காகிதத் துண்டுகள், முடி உலர்த்தும் கருவி அல்லது சூட்டுக் காற்றுத் துப்பாக்கி, பெரிய கெண்டி, ஒரு வாளி, நீண்ட புனல், கொஞ்சம் ரப்பர் குழாய், பழைய பல்துலக்கிகள், திருகுத் தலையின் பிளவில் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர்கள், 7.62 மில்லிமீட்டர் குழலுக்கான துடைப்புக் கம்பியும் வெண்கலத் தூரிகையும், அறைக்குத் தனியாகச் சற்றுப் பெரிய தூரிகை, மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர், கொஞ்சம் மினரல் ஸ்பிரிட், துப்பாக்கி எண்ணெய் ஆகியவை போதும். மேசையின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் பழைய செய்தித்தாள்களைப் பல அடுக்காகப் போடுங்கள். ஓர் அடுக்கு நனைந்ததும் உருவி எறிந்துவிடலாம். வேலையை வெளியிலோ கதவு திறந்த கொட்டகையிலோ செய்யுங்கள். கிரீஸ் தரைவிரிப்பில் பட்டால் தரைவிரிப்பை மாற்றுவதுதான் தீர்வு.

கையுறையைக் கைப்பிசுக்குக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய ரைஃபிளின் குழலிலும் போல்டிலும் கிரீஸுக்கு அடியில் முன்னொரு காலத்துச் சுடலின் எச்சமும் அதில் ஈயமும் இருக்கக்கூடும். வேலை முடியும்வரை அங்கே உணவோ தேநீரோ வேண்டாம்.

முதலில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்தல்

கிரீஸ் எதையும் மறைக்கும். போல்டைத் திறந்து பின்னுக்கு இழுத்து அறையைக் கண்ணால் பாருங்கள், பிறகு விரலாலும் தொட்டுப் பாருங்கள். மகசினின் அடித்தட்டைத் திறந்து, ஐந்து தோட்டா கொள்ளும் அந்தப் பெட்டி காலியாக இருப்பதையும் பாருங்கள். பிறகு, போல்ட் திறந்த நிலையிலேயே துடைப்புக் கம்பியைக் குழலின் வாய்ப்பகுதியிலிருந்து மெதுவாக விட்டு, அறைப் பக்கம் வெளியே வருகிறதா என்று சரிபாருங்கள். குழல் நெடுகக் கிரீஸ் அடைத்திருப்பது சாதாரணம். ஆனால் அதற்கிடையில் ஒரு துணித் துண்டோ முறிந்த தூரிகையோ சிக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. வீட்டிலுள்ள தோட்டாக்கள் எல்லாம் வேறோர் அறையில் இருக்கட்டும்.

பிரித்தல்

பிரிப்பதற்கு முன்னும் ஒவ்வொரு படியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக எண்கள் எங்கெங்கே உள்ளன என்பதைக் குறித்துவையுங்கள். 91/30-இல் குழலின் அடிப்பகுதி, போல்ட், மகசின் அடித்தட்டு, கட்டையின் பின்தட்டு ஆகியவற்றில் வரிசை எண் இருக்கும். கிடங்கில் பழுதுபார்த்தபோது வேறு ரைஃபிளின் பாகத்தைப் போட்டு, பழைய எண்ணின் மேல் கோடு அடித்துப் புதிய எண்ணைப் பொறித்திருப்பதும் உண்டு. குழலின் அடியில் முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க். நட்சத்திரம் இருந்தால் துலா. சதுரத்துக்குள் குறுக்குக் கோடு இருந்தால் அது பழுதுபார்ப்புக் கிடங்கின் முத்திரை. இவையெல்லாம் கிரீஸுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவருவது இந்த வேலையின் பெரிய இன்பம்.

போல்டின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுங்கள். சுடும்போது விரலால் இழுக்கும் விசையை அழுத்திப் பிடித்தபடியே மேலும் இழுத்தால் போல்ட் முழுதாக வெளியே வந்துவிடும். மகசின் அடித்தட்டைத் திறந்து, அதனுடன் இணைந்த தோட்டா தள்ளியை அழுத்திப் பிடித்துக் கீலிலிருந்து விடுவியுங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் துடைப்புக் கம்பியைத் திருகிக் கழற்றுங்கள். கட்டையின் பக்கவாட்டில் உள்ள வில்தகடுகளை அழுத்தி, குழலைக் கட்டையுடன் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு வளையங்களையும் முன்னுக்கு நகர்த்தி எடுங்கள். கிரீஸ் இறுகிய வளையங்கள் அசையாவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். சூட்டுக் காற்றை இரண்டு நிமிடம் காட்டினால் தாமாக வழுக்கும்.

மேலேயுள்ள கைகாப்பு மரத்தைத் தூக்கி எடுத்தபின் இரண்டு முக்கியத் திருகுகள் எஞ்சும். ஒன்று அடியில், மகசினுக்கு முன்னால். மற்றொன்று மேலே, போல்ட் இருந்த இடத்துக்குப் பின்னாலுள்ள வாலில். திருகின் பிளவில் கிரீஸ் நிரம்பியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் பாதியில் நின்று நழுவும். பிளவு சிதைந்த திருகு அந்த ரைஃபிளின் முகத்தில் ஆயுள் முழுதும் இருக்கும் வடு. ஊசியால் பிளவைச் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டுத் திருகுங்கள். இரண்டும் வெளிவந்ததும் மகசினும் விசைக் காப்பும் கீழே வரும், குழலும் அதன் உடலும் மேலே வரும். சில ரைஃபிள்களில் உடலுக்கும் கட்டைக்கும் இடையில் அட்டைத் துண்டோ தகடோ வைத்திருப்பார்கள். அது குப்பை அல்ல, குழல் சரியாக அமர வேண்டும் என்று கிடங்குத் தொழிலாளி வைத்த முட்டு. எடுத்த இடத்தைக் குறித்து வைத்துத் திரும்ப அதே இடத்தில் வையுங்கள்.

விசை, அதன் வில், தோட்டாவைப் பிரித்துவிடும் தகடு ஆகியவற்றை முதல்முறை செய்பவர் கழற்ற வேண்டியதில்லை. அவை உடலோடு இருக்கும்போதே கழுவிவிடலாம்.

போல்டைப் பிரித்தல்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. வெளியே பளபளப்பாகத் தெரியும் போல்டின் உள்ளே, சுருள்வில் ஓடும் துளையில், கிரீஸ் கட்டியாக இருக்கும். அதை விட்டுவிட்டால் குளிர் நாளில் அடிப்பு ஊசி (தோட்டாவின் அடியில் இடிக்கும் ஊசி) மெதுவாக நகர்ந்து தோட்டாவை வெடிக்கச் செய்யாமல் போகலாம். அதைவிட மோசமாக, முன்னால் நீட்டிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு, போல்டை மூடும்போதே தோட்டா வெடிக்கவும் கூடும். போல்டின் உள்ளைக் கழுவாமல் இந்த ரைஃபிளைச் சுடக் கூடாது.

போல்டின் உடலை ஒரு கையில் துணியோடு இறுகப் பிடித்து, பின்னாலுள்ள குமிழை மறு கையால் இழுத்து, பின்புறமிருந்து பார்த்தால் இடப்பக்கமாகச் சுழற்றி, மெல்ல முன்னே விடுங்கள். வில்லின் இறுக்கம் குறையும். பிறகு போல்டின் தலையும் அதோடு இணைந்த நீண்ட தகடும் முன்பக்கமாகக் கழன்று வரும். அடிப்பு ஊசியின் நுனியை மரக்கட்டையில் ஊன்றி, போல்டின் உடலை அழுத்தியபடி, குமிழைத் திருகிக் கழற்றலாம். வழுக்கும் கையோடு செய்தால் வில் பாய்ந்து முகத்தில் அடிக்கும். கண் கண்ணாடி இதற்குத்தான்.

உலோகப் பாகங்கள்: சுடுநீர்

சிறு பாகங்களுக்குக் கொதிநீர் ஒரு பழைய பாத்திரத்தில் போதும். அந்தப் பாத்திரத்தை மறுபடி அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். பாகங்களை ஒரு கம்பி வடிகட்டியில் போட்டு முக்கி, ஐந்து பத்து நிமிடம் விட்டால் கிரீஸ் இளகி நீரின் மேல் தங்க நிறத்தில் மிதக்கும். இங்கே ஒரு பிழை பலருக்கு நேர்கிறது: பாகத்தை நேராக மேலே தூக்கினால் மிதக்கும் கிரீஸ் மறுபடியும் அதன் மேல் பூசிக்கொள்ளும். மேல் படலத்தை முதலில் காகிதத் துண்டால் வழித்தெடுத்துவிட்டுத் தூக்குங்கள். சூடான உலோகத்தில் தண்ணீர் தானாக ஆவியாகிவிடும். எஞ்சியதைத் துணியால் துடையுங்கள்.

குழலும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். குழல் மட்டுமே 73 சென்டிமீட்டர். இது பாத்திரத்தில் அடங்காது. வாய்ப்பகுதியை வாளியில் ஊன்றி, அறைப் பக்கம் புனலையும் ரப்பர் குழாயையும் பொருத்தி, கொதிக்கும் நீரைக் கெண்டியால் மெதுவாக ஊற்றுங்கள். முதலில் ஒன்றும் வராது. பிறகு கட்டியாகக் கிரீஸ் வெளியே தள்ளப்படும். அதன்பின் நீர் தடையின்றி ஓடும். மூன்று நான்கு லிட்டர் தேவைப்படும். குழல் கைபொறுக்காத அளவுக்குச் சூடாகும், ஆகவே தடித்த கையுறை வேண்டும். அதே நீரை உடலின் உட்புறத்திலும், விசைப் பகுதியிலும், போல்டின் பிடிகள் அமரும் பள்ளங்களிலும் ஊற்றிப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். குறிபார்க்க உதவும் பின்பார்வைத் தகட்டைத் தூக்கி அதன் அடியிலும், முன்பார்வையின் வட்டக் கவசத்துக்குள்ளும் கவனியுங்கள். இவ்விரண்டு இடமும் பெரும்பாலும் விடுபட்டுப் போகும், முதல் நாள் சுடுதளத்தில் வெயிலேறியதும் உருகிக் கண்ணெதிரே வழியும்.

இங்கே வேகம் முக்கியமாகிவிடுகிறது. கிரீஸ் முற்றிலும் போன எஃகு பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே செம்பழுப்பாக மங்கத் தொடங்கும். எனவே ஒரு பாகம் காய்ந்ததும் எண்ணெய் பூசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் கழுவிமுடித்துப் பிறகு சேர்த்து எண்ணெய் போடலாம் என்று வைத்தால், நான் ஒருமுறை பார்த்ததுபோல், போல்டின் மேல் காலையில் துருப் புள்ளிகள் தெரியும்.

குழலும் அறையும்

சூடு குழலில் இருக்கும்போதே துணித் துண்டுகளைத் துடைப்புக் கம்பியில் செருகி விடுங்கள். முதல் சில துண்டுகள் பழுப்பாகவும் தடிமனாகவும் வரும். அவை மெல்லியதாக ஆனபின், குழல் முற்றிலும் ஆறியதும், மண்ணெண்ணெயில் நனைத்த வெண்கலத் தூரிகையை உள்ளே விட்டுப் பல முறை இழுங்கள். கூடுமானவரை அறைப் பக்கத்திலிருந்தே துடையுங்கள். பல 91/30 ரைஃபிள்களின் வாய்ப்பகுதியில் வரிப்பள்ளங்கள் இல்லாமல் ஒரு சிறு கிண்ணம்போல் அகலமாகத் தோண்டியிருப்பதைக் காணலாம். பழைய வீரர்கள் இரும்புக் கம்பியை வாய்வழி விட்டுத் தேய்த்துத் தேய்த்து விளிம்பை நைத்ததைச் சரிசெய்யக் கிடங்கில் செய்த வேலை அது. நம்முடைய கம்பி அதே பிழையைத் தொடர வேண்டாம்.

அறைதான் இந்தக் கட்டுரையின் மையம் என்று சொல்வேன். புதிதாக வாங்கியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே புகாரைச் சொல்வார்கள்: முதல் பத்துச் சுடலுக்குப் பின் போல்ட் கைப்பிடி தூக்க வராது, உள்ளங்கையால் அடிக்க வேண்டியிருக்கிறது. ரைஃபிளின் வடிவமைப்பைக் குறை சொல்வார்கள். ஆனால் பல வேளைகளில் காரணம், அறையின் சுவரில் மெருகுபோல் இறுகியிருக்கும் பழைய கிரீஸ். சுடும்போது அறை சூடாகிறது. அந்தப் படலம் இளகிப் பசையாகிறது. தோட்டாவின் உறை அதில் ஒட்டிக்கொள்கிறது. அரக்குப் பூச்சுக் கொண்ட எஃகு உறையைப் பலர் குற்றம்சாட்டினாலும், அறையைச் சரியாகக் கழுவியபின் அதே தோட்டாக்கள் ஒழுங்காக வெளிவருவதை நான் கண்டிருக்கிறேன்.

குழலுக்கான தூரிகை அறையைத் தொடாது. அறை அடிப்பக்கம் 12 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், குழல் 7.62 மட்டுமே. எனவே சற்றுப் பெரிய வெண்கலத் தூரிகையை ஒரு சிறு கம்பித் துண்டில் பொருத்தி, கரைப்பானில் நனைத்து, கையாலோ மெதுவாகச் சுழலும் துளைக்கருவியாலோ அறைக்குள் ஒரு நிமிடம் சுழற்றுங்கள்; துடையுங்கள்; மீண்டும் செய்யுங்கள். வெள்ளைத் துணி பழுப்பேறாமல் வரும்வரை விடக் கூடாது. மணல்தாளோ எஃகுக் கம்பளியோ மெருகுப் பசையோ இங்கே தேவையில்லை. விளக்கை அறைக்குள் காட்டிப் பார்த்தால், கழுவாத சுவர் தேன்நிறமாகவும் கழுவிய சுவர் வெள்ளி நிறமாகவும் வேறுபடும். அந்த நிற வேறுபாடு மறையும்போது வேலை முடிந்தது.

தோட்டாவைப் பிரித்துவிடும் தகட்டின் பின்னாலும், தோட்டா உறையின் விளிம்பைப் பற்றும் கொக்கியின் அடியிலும் ஊசியால் தோண்டி எடுங்கள். கொக்கியின் பள்ளம் நிரம்பியிருந்தால் உறையை அது உறுதியாகப் பற்றாது.

மரக்கட்டை

உலோகத்துக்கு உதவிய கொதிநீர் மரத்துக்கு எதிரி. சோவியத் பழுதுபார்ப்புக் கட்டைகளில் பெரும்பாலானவை அரக்குப் பூச்சுக் கொண்டவை. நம் ஊர் வளையல்களிலும் முத்திரை மெழுகிலும் பார்த்த அதே அரக்கு இது. சாராய வகைகளில் அது கரையும். சூடுநீர் பட்டால் வெளுத்துவிடும். அதிகச் சூட்டில் இளகிச் சுருங்கும். ஆகவே சாராய ஸ்பிரிட்டால் துடைப்பது, அம்மோனியா கலந்த சுத்திகரிப்பான், பாத்திரம் கழுவும் எந்திரத்தில் போடுவது ஆகிய மூன்றையும் தவிருங்கள். கட்டையின் மதிப்பில் பெரும்பங்கு அதன் பூச்சிலும் அதில் அழுத்திய முத்திரைகளிலும் இருக்கிறது.

மேற்பரப்பிலுள்ள பிசுக்கை மினரல் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துவிடலாம். அது அரக்கைக் கரைப்பதில்லை. மரத்துக்குள் ஊறிய எண்ணெய்தான் பிரச்சினை, அதற்கு மிதமான சூடும் பொறுமையும் வேண்டும். கோடைக்காலமானால், கட்டையைப் பழைய துணியிலோ காகிதத் துண்டுகளிலோ சுற்றி, கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, வெயிலில் நிறுத்திய வண்டியின் பின்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுங்கள். வெயில் நாளில் மூடிய வண்டிக்குள் 60 டிகிரிவரை எளிதில் ஏறும். உருகுவதற்கு அதுவே போதும், அரக்கு இளகுவதற்கு அது குறைவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வியர்த்திருக்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதிய காகிதத்தில் சுற்றுங்கள். மினரல் ஸ்பிரிட்டால் துடைத்த கட்டையானால், அது முழுவதும் காய்ந்து மணம் போனபின்தான் பைக்குள் வைக்க வேண்டும். மூன்று நான்கு நாட்கள் இப்படிச் செய்தால் கட்டையின் எடையே குறைந்ததுபோல் தோன்றும். வட அமெரிக்கக் குளிர்காலத்தில் இது முடியாது. அப்போது சூட்டுக் காற்றைக் குறைந்த அளவில் வைத்து, ஒரு முழம் தொலைவில் நகர்த்திக்கொண்டே இருந்து, வெளிப்படும் துளிகளைத் துடையுங்கள். காற்றை ஒரே இடத்தில் நிறுத்தினால் பூச்சு கொப்பளிக்கும்.

குழல் அமரும் நீண்ட பள்ளமும், மகசின் துளையும், பின்தட்டின் அடியும் பூச்சில்லாத வெறும் மரம். எண்ணெயை அதிகம் குடித்திருப்பவை இவையே. இங்கே பூச்சு போகுமோ என்ற கவலை இல்லை. நுண்ணிய சீமைச் சுண்ணாம்புப் பொடியை மினரல் ஸ்பிரிட்டில் குழைத்துக் களிம்பாகப் பூசி, நிழலில் காயவிட்டால், அது காயும்போது எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும். தட்டிவிட்டு மீண்டும் பூசலாம். வலுவான அடுப்புச் சுத்திகரிப்பானை இதற்குச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதிலுள்ள காரம் மரநாரைத் தின்று, நிறத்தையும் சாம்பலாக்குவதால் நான் ஏற்கவில்லை.

கடைசியில் கட்டை வறண்டு தெரிந்தால் பூச்சில்லாத உட்புறத்துக்கு மட்டும் மிக மெல்லியதாக ஆளிவிதை எண்ணெய் தடவலாம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அது காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது நீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூழ்கவையுங்கள்.

கழிவு

சுடுநீரில் மிதந்த கிரீஸ் ஆறியதும் மேலே தட்டாக உறையும். எடுத்து ஒரு டப்பாவில் சேர்த்துவிடலாம். அதைச் சூடாக இருக்கும்போதே சாக்கடையில் ஊற்றினால் குழாய்க்குள் போய் உறைந்து அடைக்கும். பயன்படுத்திய மண்ணெண்ணெயை மூடிய டப்பாவில் ஒரு வாரம் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த ரைஃபிளுக்கு வைத்துக்கொண்டு, கசட்டை நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள்.

மீண்டும் பூட்டுதல்

எல்லா உலோகப் பரப்பிலும் எண்ணெய் மெல்லிய படலமாக மட்டும் இருக்க வேண்டும். போல்டின் உள்துளையில் இன்னும் குறைவாக, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் விடுங்கள். போல்டின் பூட்டும் பிடிகளில் மட்டும் சிறிது கிரீஸ் வைக்கலாம்.

அடிப்பு ஊசியைக் குமிழில் திருகும்போது அதன் பின்முனை குமிழின் பரப்போடு சமமாகவும், பின்முனையின் பிளவு குமிழிலுள்ள கோடுகளோடு நேராகவும் வர வேண்டும். இந்த ரைஃபிளோடு வரும் சிறு கருவியின் ஓரத்தில் 75, 95 என்று எண்ணிட்ட இரண்டு வெட்டுகள் இருக்கும். வில் தளர்ந்த நிலையில் போல்டின் முகப்பில் அந்தக் கருவியை நகர்த்தினால் ஊசியின் நுனி 75 வெட்டில் உரச வேண்டும். 95 வெட்டில் உரசாமல் கடக்க வேண்டும். அதாவது ஊசி ஏறத்தாழ 1.9 முதல் 2.4 மில்லிமீட்டர்வரை வெளியே நீள வேண்டும். குறைந்தால் தோட்டா வெடிக்காது. கூடினால் தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூடி துளைபட்டுச் சூடான வாயு பின்னோக்கி வரும். இதைச் சரிபார்க்காமல் போல்டைப் பூட்டிவிடாதீர்கள்.

பிரித்ததன் தலைகீழ் வரிசையில் மற்றவற்றைப் பூட்டலாம். முட்டுத் தகடுகளை மறக்காமல் வையுங்கள். இரண்டு முக்கியத் திருகுகளையும் மாறிமாறிச் சிறிதுசிறிதாக இறுக்குங்கள். பூட்டியபின் தோட்டா இல்லாமல் போல்டைப் பலமுறை இயக்கி, விசை சரியாக விடுபடுகிறதா, குமிழை இழுத்து இடப்பக்கம் திருப்பிக் காப்பு நிலையில் வைத்தால் விசை வேலைசெய்யாமல் நிற்கிறதா என்று பாருங்கள். போல்டின் எண் குழலோடு பொருந்தாமலோ, அடித்துத் திருத்திய நிலையிலோ இருந்தால், போல்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு அமரும் இடத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தகுந்த அளவுகோல் வைத்திருக்கும் துப்பாக்கிக் கைவினைஞரிடம் அளந்துகொள்ளுங்கள். இரண்டு ரைஃபிள்களை ஒரே மேசையில் கழுவினால் போல்டின் தலைகள் மாறிவிடுவது எளிது. ஒன்றை முழுதாக முடித்துப் பூட்டிய பிறகே அடுத்ததை எடுங்கள்.

சுடுவதற்கு முன் குழலில் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். முதல் நாள் இருபது சுடல் சுட்டபின் கட்டையின் மேல் கைகாப்பும் குழலை ஒட்டிய பகுதியும் மீண்டும் வியர்க்கும். எவ்வளவு கவனமாகச் செய்திருந்தாலும் மரத்தின் ஆழத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கவே செய்யும். துடைத்துவிடுங்கள், நான்கைந்து முறை சுடுதளம் போய்வந்தபின் அது நின்றுவிடும்.

பழைய சோவியத் தோட்டாக்களைச் சுட்டிருந்தால் வீடு திரும்பியதும் குழலில் சுடுநீரை ஊற்றியே ஆக வேண்டும். அவற்றின் வெடிமூடியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. சுட்டபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஓரிரு நாளில் துருவை உண்டாக்கும். எண்ணெயோ மண்ணெண்ணெயோ உப்பைக் கரைக்காது, நீர் மட்டுமே கரைக்கும். கிரீஸை நீக்க வாங்கிய புனலையும் ரப்பர் குழாயையும் ஆகவே தூக்கி எறியாமல், அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.